மின்னோட்டத்தின் வெப்ப விளைவும் சிவகாசி பட்டாசுத் தொழிலும்

மின்னோட்டத்தின் வெப்ப விளைவு என்பது, ஒரு கடத்தியின் வழியே மின்னோட்டம் பாயும்போது மின்னாற்றலின் ஒரு பகுதி வெப்பமாக மாறும் நிகழ்வாகும். இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர், காயில் அடுப்பு, குண்டு பல்பு, பியூஸ் ஆகிய அனைத்தும் இந்த ஒரே விளைவைக் கொண்டு இயங்குகின்றன. மின்கசிவு என்று செய்தித்தாள்களில் பொதுவாகக் குறிப்பிடப்படும் தீ விபத்துகள் பலவற்றுக்கும் இதுவே காரணம்.

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் இந்த விளைவுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தீப்பெட்டியும் பட்டாசும் செய்து வாழும் இப்பகுதியில், மருந்து கலக்கும் அறைக்குள் மின்கம்பி செல்வதில்லை. சூரிய வெளிச்சத்தில்தான் வேலை நடக்கிறது. வீடுதோறும் மின்சாரம் வந்துவிட்ட காலத்தில் இது பழமையான வழக்கம் போலத் தோன்றலாம். ஆனால் மின்வெப்பத்தின் வரலாற்றை அறிந்தால், அந்த அறைகளில் மின்கம்பி இல்லாததன் காரணம் விளங்கும்.

கரிமருந்தைப் பற்றவைத்த கம்பி

இத்தாலியரான அலெசாண்ட்ரோ வோல்டா 1800இல் மின்கலத்தை அறிவித்த பிறகுதான் தொடர்ந்து பாயும் மின்னோட்டம் அறிவியலாளர்களின் கைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1802இல், இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி மெல்லிய பிளாட்டினக் கம்பியில் மின்னோட்டத்தைச் செலுத்தி அது பழுத்து ஒளிர்வதைக் காட்டினார். கம்பி சூடாகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. எவ்வளவு சூடாகும், எதைப் பொறுத்துச் சூடாகும் என்பது தெரியவில்லை.

அந்தக் கணக்கு தெரிவதற்கு முன்பே மின்வெப்பத்திற்கு ஒரு வேலை கிடைத்தது. அது வெடிமருந்தைப் பற்றவைக்கும் வேலை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வேதியியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ஹேர், 1831-32 வாக்கில், கல் உடைக்கும் வெடிகளைத் தொலைவிலிருந்து பற்றவைக்கும் முறையை உருவாக்கினார். இரண்டு தடித்த கம்பிகளின் முனைகளை மிக மெல்லிய ஒரு கம்பியால் இணைத்து, அதைக் கரிமருந்துக்குள் புதைத்தார். மின்கலத்தை இணைத்தவுடன் மெல்லிய கம்பி மட்டும் பழுத்தது, மருந்து வெடித்தது. திரியில் நெருப்பு வைத்துவிட்டு ஓடும் தொழிலாளிக்கு அது உயிர் காக்கும் கருவியாக அமைந்தது.

1839இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்திற்கு அருகே, 1782இல் மூழ்கிய 'ராயல் ஜார்ஜ்' என்ற போர்க்கப்பலின் சிதைவை அகற்றும் பணியில் கர்னல் சார்லஸ் பாஸ்லி ஈடுபட்டார். கடலுக்கடியில் வைத்த வெடிமருந்தைப் பற்றவைக்க அவரும் மின்கலத்தையே பயன்படுத்தினார். ஆக, மின்சாரத்தால் சோறு சமைப்பதற்கும் துணி தேய்ப்பதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே, சூடான கம்பியும் வெடிமருந்தும் ஒன்றுக்கொன்று அறிமுகமாகிவிட்டன.

ஜூல் கண்டறிந்த விதி

வெப்பத்தின் கணக்கைக் கண்டறிந்தவர் ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல். இவர் 1818 டிசம்பர் 24 அன்று மான்செஸ்டருக்கு அருகிலுள்ள சால்ஃபோர்டில் பிறந்தார். தந்தை மதுபான ஆலை நடத்தியவர். ஆலையில் நீராவி எந்திரத்திற்குப் பதிலாக மின்மோட்டார் வைத்தால் செலவு குறையுமா என்று ஆராயத் தொடங்கிய இளைஞர் ஜூல், மின்னோட்டம் தரும் வெப்பத்தை அளக்கும் முயற்சியில் இறங்கினார்.

அவருடைய சோதனை எளிமையானது. கண்ணாடிக் குழாயின் மேல் கம்பியைச் சுற்றி, அதை நீர் நிறைந்த பாத்திரத்தில் மூழ்கவைத்தார். கம்பியில் குறிப்பிட்ட மின்னோட்டத்தைக் குறிப்பிட்ட நேரம் செலுத்தி, நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்பதை வெப்பமானியால் அளந்தார். கம்பியையும் மின்னோட்டத்தையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. 1841இல் அவர் வெளியிட்ட அந்த முடிவே ஜூல் வெப்ப விதி எனப்படுகிறது. 1842இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஹைன்ரிக் லென்சும் தனியாக இதே முடிவை எட்டினார்.

விதியைச் சொற்களில் இவ்வாறு எழுதலாம்:

வெப்பம் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை × நேரம்

மின்னோட்டத்தை ஆம்பியரிலும், மின்தடையை ஓமிலும், நேரத்தை வினாடியிலும் எடுத்துக்கொண்டால் வெப்பம் ஜூல் அலகில் கிடைக்கும். ஒரு வினாடிக்கு ஒரு ஜூல் என்பது ஒரு வாட். ஆற்றலின் அலகுக்கு ஜூலின் பெயரை 1889இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஜூல் காலமானார்.

இவ்விதியில் மாணவர்கள் தவறவிடும் இடம், மின்னோட்டம் இரண்டு முறை பெருக்கப்படுவதுதான். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். மின்தடை இரண்டு மடங்கானால், அதே மின்னோட்டத்தில், வெப்பமும் இரண்டு மடங்காகும்.

வெப்பம் உண்டாகும் விதமும் எளிதில் புரியக்கூடியதே. உலோகத்தில் நகரும் எலக்ட்ரான்கள், தம் இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும் அணுக்கள் மீது மோதுகின்றன. மோதும்போது தம் ஆற்றலில் ஒரு பகுதியை அவற்றுக்குக் கொடுக்கின்றன. அணுக்களின் அதிர்வு கூடுகிறது. அதிர்வு கூடுவதையே நாம் சூடு என்கிறோம்.

ஒயர் சூடாகாமல் பெட்டி மட்டும் சூடாவது ஏன்?

இஸ்திரிப் பெட்டிக்கும் அதன் ஒயருக்கும் பாய்வது ஒரே மின்னோட்டம். பெட்டி துணியைக் கருக்கும் அளவு சூடாகிறது. ஒயரைக் கையால் பிடிக்க முடிகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும்.

230 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கும் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஏறக்குறைய 4.35 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. அதன் மின்தடை சுமார் 53 ஓம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியில், போக 10 மீட்டர், வர 10 மீட்டர் என 20 மீட்டரின் மின்தடை சுமார் 0.34 ஓம் மட்டுமே. ஆகவே கம்பியில் உண்டாகும் வெப்பம் வினாடிக்கு ஆறரை ஜூல். அதுவும் 20 மீட்டர் நீளத்திற்கும் பரவிக் காற்றில் கலந்துவிடுகிறது. பெட்டியிலோ 1,000 ஜூலும் ஒரு கையகல இடத்தில் சேர்கிறது.

இப்போது அந்த ஒயரின் பிளக்கில் ஒரு திருகு தளர்ந்துவிட்டதாகக் கொள்வோம். தளர்ந்த இணைப்பின் மின்தடை 1 ஓம் என்று வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் வினாடிக்குச் சுமார் 19 ஜூல் வெப்பம் உண்டாகும். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் பற்றவைக்கப் பயன்படுத்தும் 25 வாட் சோல்டரிங் அயர்னோடு இதை ஒப்பிடலாம். ஒரு மிளகு அளவேயுள்ள இடத்தில் இத்தனை வெப்பம் சேர்ந்தால் பிளக் உருகும், கருகும். அதே இணைப்பில் 2,000 வாட் வாட்டர் ஹீட்டரை மாட்டினால் மின்னோட்டம் ஏறக்குறைய இரு மடங்காகும். அந்த இடத்தின் வெப்பம் நான்கு மடங்காகி 75 வாட் அளவை எட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இணைப்பு தளர்ந்ததால் மொத்த மின்னோட்டம் கூடவில்லை, சற்றே குறைந்திருக்கிறது. எனவே பியூஸ் போகாது. மின்சுற்றில் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்த பிறகே வீட்டாருக்குத் தெரியவரும்.

விளக்கு, இஸ்திரிப் பெட்டி, நிக்ரோம், பியூஸ்

1879இல் தாமஸ் ஆல்வா எடிசன் காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் கரி இழையை ஒளிரச் செய்தார். இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வானும் அதே காலத்தில் இத்தகைய விளக்கை உருவாக்கினார். பின்னர் கரியின் இடத்தை டங்ஸ்டன் பிடித்தது. டங்ஸ்டன் 3,400 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும் என்பதால் இழையை 2,000 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஒளிர வைக்க முடிந்தது. எனினும் குண்டு பல்பு எடுத்துக்கொள்ளும் மின்னாற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளியேறுகிறது. வெளிச்சம் அதன் உபபொருள் என்றே சொல்லலாம்.

1882இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி சீலி மின் இஸ்திரிப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் நெடுங்காலம் சூடாகித் தாங்கும் மலிவான கம்பி கிடைக்காததால் இத்தகைய கருவிகள் உடனே பரவவில்லை. இரும்புக் கம்பி பழுக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து செதில் செதிலாக உதிர்ந்துவிடும். பிளாட்டினம் விலை அதிகம். இதற்கு விடை கண்டவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்பர்ட் மார்ஷ். நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகக் கலவைக்கு அவர் 1906இல் காப்புரிமை பெற்றார். அதுவே நிக்ரோம். இதன் மின்தடை எண் செம்பைப்போல ஏறத்தாழ 60 மடங்கு. சூடாகும்போது மேற்பரப்பில் உண்டாகும் குரோமியம் ஆக்சைடு படலம் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இன்றும் பெரும்பாலான வெப்பக் கருவிகளின் உள்ளே இருப்பது நிக்ரோமோ அதைப்போன்ற கலவையோதான்.

பியூஸ் இதே விதியின் இன்னொரு பயன். 1847இல் பிரான்சின் லூயி பிரெகே, தந்தி நிலையங்களை இடியிலிருந்து காக்க, கம்பியின் ஒரு பகுதியை மட்டும் மெல்லியதாக வைக்குமாறு பரிந்துரைத்தார். மிகுந்த மின்னோட்டம் வந்தால் மெல்லிய பகுதி உருகி அறுந்துவிடும்; நிலையம் தப்பும். எடிசன் தம் மின்வழங்கல் முறைக்கான பியூசுக்கு 1890இல் காப்புரிமை பெற்றார். பீங்கான் பியூஸ் கட்டையில் கட்டப்படும் அளவிடப்பட்ட மெல்லிய கம்பி இந்த வழியில் வந்ததே. அடிக்கடி போகிறது என்று அதில் இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்துக் கட்டினால், பியூஸ் உருகுவதற்கு முன்பே சுவருக்குள் இருக்கும் ஒயர் சூடாகிவிடும்.

இடிதாங்கியில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு உள்ளது. அங்கே தடித்த செப்புப் பட்டை வைக்கப்படுகிறது. மின்தடை குறைவாக இருப்பதால் மின்னலின் பெரும் மின்னோட்டம் பட்டையை உருக்காமல் மண்ணுக்குள் இறங்குகிறது. பட்டாசு ஆலைகளின் வெடிபொருள் கிடங்குகளின் மேல் இடிதாங்கி இருப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம்.

தென்மாவட்டங்களுக்கு மின்சாரம் வந்த வழி

தமிழ்நாட்டிலும் மின்சாரத்தின் தொடக்க வரலாற்றில் வெடிமருந்துக்கு இடமுண்டு. நீலகிரி மாவட்டம் குன்னூருக்கு அருகிலுள்ள அரவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை அமைந்தது. அதற்கு மின்சாரம் தருவதற்காகக் காட்டேரி அருவியில் சிறிய நீர்மின் நிலையம் கட்டப்பட்டது. தமிழ்நாட்டின் மிகப் பழைய நீர்மின் நிலையங்களுள் அதுவும் ஒன்று.

பொதுமக்களுக்கான பெரிய நீர்மின் திட்டங்கள் பின்னர் வந்தன. பைக்காரா 1932இலும், மேட்டூர் 1937இலும், பொதிகை மலையடிவாரத்தில் உள்ள பாபநாசம் 1944இலும் மின்னுற்பத்தியைத் தொடங்கின. மலையில் பிறந்த மின்சாரம் கரிசல் காட்டுக்கு வந்து சேர, நெடுந்தூரம் கம்பியில் பயணம் செய்ய வேண்டியிருந்தது. அங்கும் ஜூலின் விதியே குறுக்கே நின்றது.

100 கிலோவாட் திறனை 230 வோல்ட்டில் அனுப்பினால் சுமார் 435 ஆம்பியர் பாயும். அதையே 11,000 வோல்ட்டில் அனுப்பினால் ஏறக்குறைய 9 ஆம்பியர் போதும். மின்னோட்டம் 48இல் ஒரு பங்காகிறது. அதே கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றலோ சுமார் 2,300இல் ஒரு பங்காகிவிடுகிறது. உயர் அழுத்தக் கோபுரங்களும் ஊர் எல்லையில் டிரான்ஸ்பார்மர்களும் நிற்பதன் காரணம் இதுதான்.

விருதுநகரில் பிறந்த கு. காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில் கிராமங்களுக்கு மின்இணைப்பு தரும் பணி விரைவு பெற்றது. 1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்சார வாரியம் அமைக்கப்பட்டது. அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பகுதிகள் 1985இல் தனி மாவட்டமாயின.

மின்சாரம் வாசலில் நின்ற தொழில்

சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. மழை குறைந்த, வெயில் மிகுந்த, காற்றில் ஈரம் குறைந்த இப்பகுதி அத்தொழிலுக்கு ஏற்றதாக இருந்தது. அதிலிருந்து பட்டாசுத் தொழிலும், லேபிள் அச்சிடும் தேவையிலிருந்து அச்சுத் தொழிலும் கிளைத்தன. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் உரிமம் பெறும் முறையை வகுத்தன. இரண்டாம் உலகப் போரால் வெளிநாட்டுப் பட்டாசுகளின் வரத்து தடைபட்டதும் உள்ளூர்த் தொழிலின் வளர்ச்சிக்கு உதவியது.

இம்மூன்று தொழில்களில் அச்சகங்கள் மின்சாரத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டன. தீப்பெட்டித் தொழிலில் எந்திரங்கள் படிப்படியாக வந்தன. பட்டாசுத் தொழிலில் மட்டும், மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறை ஆகியவற்றின் வாசலோடு மின்சாரம் நின்றுவிட்டது. அறைகளில் பல வாசல்கள் உண்டு. அவை வெளிச்சத்திற்கும், ஆபத்தில் தப்பி ஓடுவதற்கும் பயன்படுகின்றன. மருந்தைக் காயவைப்பதும் மேடையில், வெயிலில்தான். வெப்பத்தை விற்பனைப் பொருளாக்கிய ஊர், தன் சரக்கை உலர்த்த மின்வெப்பத்தை நாடாமல் சூரியனையே நம்பியிருக்கிறது. மழை பெய்தால் வேலை நிற்பது இதனால்தான்.

மின்கம்பியை உள்ளே விட்டால் என்ன ஆகும்? மூன்று வழிகளில் ஆபத்து வரும்.

முதலாவது, விளக்கின் சூடு. 100 வாட் குண்டு பல்பின் கண்ணாடியே 100 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். மருந்து அறையின் காற்றில் கந்தகம், அலுமினியம், கரித்தூள் ஆகியவற்றின் தூசி மிதக்கும். தூசி பல்பின் மேல் படிந்தால் வெப்பம் வெளியேற வழியின்றிக் கண்ணாடியின் சூடு மேலும் ஏறும். கந்தகம் ஏறத்தாழ 115 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும்.

இரண்டாவது, தளர்ந்த இணைப்பு. மேலே கணக்கிட்ட சோல்டரிங் அயர்ன் போன்ற ஒரு சூட்டுப் புள்ளி, மருந்துத் தூசி படிந்த பிளக்குக்குள் உருவாகும். வீட்டில் பிளாஸ்டிக் கருகிய வாடை நமக்கு எச்சரிக்கை தரும். மருந்து அறையில் அந்த அவகாசம் கிடைக்காது.

மூன்றாவது, பொறி. சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் தொடுமுனைகளுக்கு இடையே சிறு பொறி எழுகிறது. அது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருந்தாலும் பறக்கும் தூசியைப் பற்றவைக்கப் போதுமானது.

இங்கே நிலைமின்சாரத்தையும் பிரித்தறிய வேண்டும். நடக்கும்போதும் துணி உரசும்போதும் உடலில் சேரும் மின்னூட்டம், கம்பியைச் சூடாக்கும் தொடர் மின்னோட்டம் அன்று; ஒரே நொடியில் பொறியாகத் தாவி முடிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் தொழிலாளர்கள் பருத்தி ஆடை அணிகின்றனர். அறைக்குள் நுழையும் முன், மண்ணோடு இணைத்த செப்புத் தகட்டைத் தொடுகின்றனர். இரும்புக் கருவிகளைத் தவிர்ப்பது உராய்வுப் பொறியைத் தடுப்பதற்காக.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்திலும் பலர் மாண்டனர். பட்டாசு ஆலை விபத்துகளில் உராய்வு, தவறான மருந்துக் கலவை, அளவுக்கு மீறிய இருப்பும் ஆட்களும் ஆகியவையே பெரும்பாலும் காரணங்களாகப் பேசப்படுகின்றன. கம்பியின் வெப்பம் அந்தப் பட்டியலில் முன்னே வருவதில்லை. கம்பி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கடைப்பிடிக்கப்பட்ட விதியால் நடக்காமல் போன விபத்தை யாரும் எண்ணிக் கணக்கிடுவதில்லை.

தீபாவளிக் கடைக்கான விதிகள்

ஆலைக்கு வெளியே, தீபாவளிக் காலத்தில் ஊர்தோறும் போடப்படும் தற்காலிகப் பட்டாசுக் கடைகளில் மின்விளக்கைத் தவிர்க்க முடிவதில்லை. எனவே 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் அங்கே மின்விளக்கை அனுமதித்து, அதற்குக் கட்டுப்பாடும் விதிக்கின்றன. கொட்டகை தீப்பற்றாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். கடைகளுக்கு இடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். அவை ஒன்றையொன்று நோக்கி அமையக்கூடாது. எண்ணெய் விளக்கு, காஸ் விளக்கு, திறந்த சுடர் கூடாது. மின்விளக்கு வைத்தால் சுவரிலோ கூரையிலோ பொருத்தப்பட வேண்டும். வளையும் ஒயரில் தொங்கவிடக்கூடாது. சுவிட்சுகள் சுவரில் உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும். ஒவ்வொரு வரிசைக் கடைகளுக்கும் ஒரு முதன்மைச் சுவிட்ச் இருக்க வேண்டும்.

கடைக்காரருக்கு இது அதிகாரிகளின் கெடுபிடியாகத் தோன்றக்கூடும். ஜூல் விதியை வைத்துப் படித்தால் ஒவ்வொரு வரிக்கும் பொருள் உண்டு.

தொங்கும் ஒயர் காற்றில் ஆடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளையும். வளையும் ஒயருக்குள் தலைமுடி போன்ற மெல்லிய செப்பு இழைகள் பல உள்ளன. 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரில் பொதுவாக 24 இழைகள் இருக்கும். வளைந்து வளைந்து அவற்றில் 20 அறுந்து 4 மட்டும் மிஞ்சினால், அந்த இடத்தின் மின்தடை ஆறு மடங்காகும். வெப்பமும் ஆறு மடங்காகும். வெளியே உறை முழுமையாக இருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கடைசி இழையும் அறும்போது பொறி எழும். அதற்குக் கீழே சரவெடிகளும் பேன்சி ரகங்களும் அடுக்கப்பட்டிருக்கும்.

சுவிட்ச் ஆடிக்கொண்டிருந்தால் அதன் திருகுகள் தளரும். தளர்ந்த திருகு சூட்டுப் புள்ளியாகும். முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் மின்னோட்டம் சுழி. ஆகவே வெப்பமும் சுழி. ஆளில்லாத இரவில் கடையைக் காப்பது அந்தச் சுழிதான்.

மின்சாரமே திரியாகும் இடம்

வாசலில் நிறுத்தப்பட்ட மின்வெப்பம் பட்டாசுக்குத் திரும்பி வரும் இடமும் உண்டு. பெரிய வாணவேடிக்கைகளில் இன்று மின் பற்றவைப்பு முறை பயன்படுகிறது. வெடியின் திரியோடு சிறு மருந்துத் தலை ஒன்று இணைக்கப்படும். அதற்குள் இருப்பது ராபர்ட் ஹேர் புதைத்த அதே மெல்லிய கம்பிதான்.

அக்கம்பியின் மின்தடை 3 ஓம், பாயும் மின்னோட்டம் 1 ஆம்பியர் எனக் கொள்வோம். திறன் 3 வாட். இது மிகச் சிறிய திறனே. ஆனால் மயிரிழை தடிமனும் இரண்டு மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அக்கம்பியின் எடை, ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய எடையைச் சூடாக்க மிகச் சிறிதளவு வெப்பமே போதும் என்பதால், வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்திலேயே அது பல நூறு டிகிரியை எட்டிவிடும். பொறுப்பாளர் தொலைவில் நின்று, ஆட்கள் அனைவரும் விலகிவிட்டதை உறுதி செய்த பிறகே பொத்தானை அழுத்துவார்.

மருந்து அறையில் விலக்கப்பட்ட சூடும் வாணவேடிக்கைத் திடலில் வரவேற்கப்படும் சூடும் ஒன்றே. திடலில் அந்தச் சூடு எந்த இடத்தில், எந்த நொடியில் உண்டாக வேண்டும் என்பதை மனிதர் முடிவு செய்கிறார். தளர்ந்த திருகும் அறுந்த இழையும் அந்த முடிவைத் தாமே எடுத்துக்கொள்கின்றன.

வீட்டுக்கான பாடம்

சாதாரண வீடுகளில் வெடிமருந்து இல்லை என்பதைத் தவிர விதியில் மாற்றம் எதுவும் இல்லை. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்சில் இஸ்திரிப் பெட்டியையும் வாட்டர் ஹீட்டரையும் சேர்த்து மாட்டினால் மின்னோட்டங்கள் கூடும். வெப்பமோ கூட்டுத்தொகையின் வர்க்கத்திற்கு ஏற்ப உயரும். அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றிய இடம், கதவிடுக்கில் நசுங்கிய ஒயர், கருமை படர்ந்த பிளக் முள், தொட்டால் சுடும் சுவிட்ச் பலகை ஆகியவை மின்தடை கூடியிருப்பதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் மெயினை அணைத்துவிட்டு, மின்பணியாளரை அழைத்து மாற்றிவிட வேண்டும். பியூஸ் போகவில்லை என்பதை நம்பி இருந்துவிடக் கூடாது.